பட்டன் போன்காரியின் பதில்



"ஒரு வருஷம் காசு சேர்த்துப் புது போன் வாங்கினவ, ஏன்டி பழைய பட்டன் போனைத் தூக்கிட்டு வர்றே?" ஐந்தாம் பருவம் தொடங்கியதிலிருந்து நீங்கள் இதைக் கேட்காத நாளில்லை. "டிஸ்பிளே போச்சா?", "பஸ்ல விட்டுட்டியா?", "அடகு வச்சிட்டியா?" என்று ஆளுக்கொரு யூகம் வேறு! தனித்தனியாகப் பதில் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. அதனால் மலர்க்குழு கட்டுரை கேட்டதும், மொத்தமாக இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த எனக்கும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. பன்னிரண்டு மாதப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து, 11,999 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். கடைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத புத்தம் புது மாடல்! பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனி நம் மலருக்கு விளம்பரம் எதுவும் தரவில்லையே!

பருவ விடுமுறை முழுக்க அதைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. பெட்டியின் மேல் போட்டிருந்ததை எல்லாம் நம் பாடத்தை வைத்துச் சரிபார்த்தேன். பேட்டரி 5,000 எம்.ஏ.எச். அதை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட் அவர். வீட்டில் எரிகிற 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு இது இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். ஆனால் போன் ஒன்றரை நாள் ஓடியது! உலகின் முதல் ஸ்மார்ட்போன் என்று சொல்லப்படும் ஐ.பி.எம். சைமன் 1994-ல் விற்பனைக்கு வந்தபோது விலை 899 டாலர். பேசினால் ஒரு மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடுமாம். கேமரா 50 மெகாபிக்ஸல் என்று பெட்டி சொன்னது. நான்கு நான்கு பிக்ஸலாகச் சேர்த்து, 12.5 மெகாபிக்ஸல் படமாகத்தான் கொடுத்தது. திரை 120 ஹெர்ட்ஸ். அதாவது 8.3 மில்லி விநாடிக்கு ஒரு முறை படம் மாறுகிறது. எல்லாப் பாடத்திலும் பாஸ் என்று மார்க் போட்டேன்.

நிற்க. ஒரு பாடம் பாக்கி இருந்தது. எங்கள் அம்மா!

அம்மா கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். பதினைந்து வருஷமாகச் சிமெண்ட் சட்டியும் செங்கல்லும் சுமந்த கை. கூலியை இப்போதெல்லாம் மேஸ்திரி கையில் தருவதில்லை. வங்கிக் கணக்கில் போடுகிறார். "போட்டாச்சுக்கா" என்பார். அம்மாவும் "சரிங்க" என்று வந்துவிடுவாள். பட்டன் போனுக்கு வரும் வங்கி மெசேஜ் இங்கிலீஷில் இருக்கும். லோன் வேண்டுமா என்று கேட்கும் மெசேஜும் இங்கிலீஷில் இருக்கும். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். பேங்குக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிந்து பார்க்கலாம். ஆனால் அரைநாள் கூலி போய்விடும்.

'அம்மாவே பார்க்கிற மாதிரி செய்துவிடலாம்' என்று, அம்மாவின் சிம்மைப் புது போனில் போட்டேன். மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். ஓரத்து பட்டனில் உள்ள சென்சாரில் கைரேகை பதிய உட்கார்ந்தோம். கட்டை விரலை வைத்தாள், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், ஊஹும். 'விரலைச் சுத்தம் செய்துவிட்டு மீண்டும் முயலவும்' என்று திரையில் வந்தது. நான் அதைச் சத்தமாகப் படித்துத் தொலைத்துவிட்டேன்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே வரி. இரண்டாவது தடவையும் எழுந்து கழுவப் போனாள். வந்து வைத்தும் எடுக்காதபோது, "எங் கைக்கு இதெல்லாம் ஒத்து வராது கண்ணு, எடுத்து வை" என்றாள்.

நண்பர்களே, அந்தக் கையில் அழுக்கு இல்லை, ரேகைதான் இல்லை! நாம் முதலாண்டில் மனப்பாடம் செய்த கெப்பாசிட்டர் சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? இடைவெளி கூடினால் கெப்பாசிட்டன்ஸ் குறையும். ரேகையின் மேடு சென்சாரை ஒட்டி நிற்கும், பள்ளம் கொஞ்சம் தள்ளி நிற்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சிப் ரேகையை அறிகிறது. காரத்தன்மையுள்ள சிமெண்ட் கலவை தோலை அரித்து, செங்கல் தேய்த்து, மேடும் பள்ளமும் ஒன்றாகிவிட்ட விரலில் சென்சார் எதைப் படிக்கும்? சூத்திரத்துக்கு மார்க் வாங்கிய எனக்கு, எதிரில் இருந்த கை அதுவரை கண்ணில் படவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் அம்மா வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் உறைத்தது! ஓடிப்போய்ப் போனில் பேட்டர்ன் லாக்கை எடுத்துக் காட்டினேன். மூன்று வரிசை, ஒன்பது புள்ளி.

"அட, கோலமா? இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"ஆனா ஒரு புள்ளியை ரெண்டு தரம் தொடக்கூடாதும்மா."

"அப்போ இழை கூடாது. சரி, அரைக் கோலம்னு வச்சுக்கலாம்" என்று ஒரே இழுப்பில் இழுத்தாள். திறந்துகொண்டது!

குறைந்தது நான்கு புள்ளிகளைச் சேர்த்து அந்த ஒன்பதில் 3,89,112 விதமாகக் கோடு போடலாம். நாலு இலக்க எண்ணில் 10,000 விதம்தான். பணம் பார்க்கும் ஆப்புக்கு மட்டும் ரகசிய எண் தேவைப்பட்டது. அம்மாவே மறக்க முடியாத ஓர் எண்ணாக யோசித்துப் போட்டாள். என்ன எண் என்று எனக்கே சொல்லவில்லை!

அடுத்த சனிக்கிழமை மேஸ்திரி வழக்கம்போல, "போன வாரத்துது, இந்த வாரத்துது ரெண்டும் போட்டாச்சுக்கா" என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, தானே கோலத்தை இழுத்துத் திறந்து பார்த்தாள். ஒரு வாரக் கூலிதான் ஏறியிருந்தது. போன் போட்டாள். சண்டையெல்லாம் இல்லை. "மேஸ்திரி, போன வாரத்துது இன்னும் ஏறலைங்களே" என்று மட்டும் சொன்னாள். "அய்யோ, மறந்துட்டேன்க்கா" என்றார் அவர். பத்து நிமிஷத்தில் பணம் வந்தது. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை நாள் எத்தனை மறந்தாரோ!" என்றாள்.

விடுமுறை முடிந்து நான் கிளம்பும்போது, அம்மா அந்தப் போனைத் துணியில் சுற்றி என் பையில் வைத்திருந்தாள். பஸ் ஸ்டாப்பில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். "படிக்க வேணுமே கண்ணு?" "லேப்ல கம்ப்யூட்டர் இருக்கும்மா. உன் பட்டன் போனைக் கொடு." இதுதான் நடந்தது. தொலையவும் இல்லை, அடகு வைக்கவும் இல்லை! வாட்ஸ்அப்பில் வருகிற லேப் அறிவிப்புகளை எனக்குப் படித்துச் சொல்லும் என் பெஞ்சுத் தோழிக்கு இந்த இடத்தில் நன்றி.

கடைசியாக ஒன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் நின்றுபோனது. ஆனால் அதே வட்டாரத்தில் இன்று ஐபோன்கள் தயாராகின்றன. நம்மில் பலர் நாளை அந்த மாதிரி ஆலைகளில் டெஸ்டிங் மேசை முன்னால் நிற்கப் போகிறோம். அப்போது நம் வழவழப்பான விரலை வைத்துப் பார்த்துவிட்டு 'ஓ.கே.' சீட்டு ஒட்டிவிடாதீர்கள். சிமெண்ட் தேய்த்த விரல் ஒன்றும் அந்தப் போனைத் தொடும். அதனிடம் போய் 'கையைக் கழுவிட்டு வா' என்று சொல்லாத ஒரு மெஷினை நம்மில் யாராவது செய்ய வேண்டும்.

மற்றபடி, என் பட்டன் போன் சார்ஜ் நான்கு நாள் நிற்கிறது. அவசரம் என்றால் மிஸ்டு கால் கொடுங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னணு மற்றும் தகவல் தொடர்புத் துறை