ஒன் பை டூ

மெனு கார்டில் பெரும்பாலும் இருக்காது. ஆனா எல்லா சர்வருக்கும் தெரியும். ஒரு சூப், ரெண்டு கிண்ணம். ஒன் பை டூ.

கோவையில் அப்பாவுக்கு மில்லில் தீபாவளி போனஸ் வரும் வாரம் மட்டும் எங்களுக்கு ஸ்வீட் கார்ன் சிக்கன் சூப். நாலு பேருக்கு ரெண்டு. சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கியதில் முட்டை நூல் நூலாக மிதக்கும். அப்படியே குடித்தால் சப்பென்று இருக்கும். வினிகரில் ஊறிய பச்சை மிளகாயை அந்தத் தண்ணியோடு ரெண்டு ஸ்பூன் விட்டால்தான் அது நம்மூர் சூப். பெய்ஜிங்குக்கும் காந்திபுரத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிற ருசி.

அம்மா தன் கிண்ணத்து சிக்கனை என் பக்கம் தள்ளிவிடுவாள். "பல்லுல மாட்டுதுடா." வீட்டில் நல்லி எலும்பைக் கடித்து உடைக்கிற பல்!

மில் மூடிய வருஷமும் போனோம். ஒரே சூப், தங்கச்சிக்கும் எனக்கும். "உடம்பு சூடு, எனக்கு வேணாம்" என்றார் அப்பா. வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இப்போ நான் சம்பாதிக்கிறேன், தினமும் குடிக்கலாம். குடிப்பதில்லை. தங்கச்சி கல்யாணமாகி ஓசூரில். நாலு பேரும் சேர்ந்திருக்கிற நாள் வருஷத்துக்கு ஒன்றோ ரெண்டோ. அன்னைக்கு மட்டும்தான் சூப், ஆளுக்கு ஒன்று. அப்பா இன்னமும் மெனுவை வலப்பக்கத்திலிருந்துதான் படிக்கிறார்.