பெயின்ட்டுக்கு முன்னால்

கோப்ரா காரை 1962-இல் அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி இங்கிலாந்தின் ஏ.சி. கம்பெனியோடு சேர்ந்து கொண்டுவந்தார். அலுமினியத் தகட்டைத் தட்டிச் செய்த உடல். ஏறத்தாழ ஆயிரம் கார்களோடு உற்பத்தி நின்றுபோனது. இன்று சாலையில் தென்படும் கோப்ராக்களில் மிகப் பெரும்பாலானவை கிட் கார்கள். மாசசூசெட்ஸில் 1995-இல் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ் ரேசிங் போன்ற நிறுவனங்கள் பாகங்களை அனுப்புகின்றன. வாங்கியவர் வீட்டு ஷெட்டிலேயே காரைப் பூட்டுகிறார்.

எஞ்சினையும் பிரேக்கையும் கையேட்டைப் பார்த்துப் பூட்டிவிடலாம். ஆனால் கிட் காரின் கண்ணாடியிழை (ஃபைபர்) உடலைப் பெயின்ட்டுக்குத் தயார் செய்வதற்குக் கையேடு மட்டும் போதாது. கையும் கண்ணும் பழக வேண்டும்.

உடல் பிறக்கும் விதத்திலேயே அதன் குறைகளும் பிறந்துவிடுகின்றன. அச்சுக்குள் மெழுகு தடவி, ஜெல்கோட் அடித்து, அதன்மேல் கண்ணாடியிழையையும் ரெசினையும் படியவைக்கிறார்கள். அச்சுத் துண்டுகள் சேரும் இடமெல்லாம் கோடு விழும். சில இடங்களில் ஜெல்கோட்டுக்கு அடியில் காற்றுக் குமிழி ஒளிந்திருக்கும். எனவே முதல் வேலை மெழுகை நீக்கும் திரவத்தால் துடைப்பது. துடைக்காமல் உப்புத்தாளை எடுத்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும்; பின்னால் அடிக்கும் பெயின்ட் அங்கங்கே ஒட்டாமல் விலகிக் குழி விழும்.

அச்சுக் கோட்டை மேலோட்டமாகத் தேய்த்து மறைப்பது வீண். அதை 'வி' வடிவில் தோண்டி, இழை கலந்த பட்டியால் நிரப்ப வேண்டும். சாதாரணப் பட்டி அங்கே பின்னாளில் வெடிப்பு விடும். குமிழிகளையும் குத்தித் திறந்துதான் அடைக்க வேண்டும். திறக்காமல் விட்டால் வெயில் சூட்டில் அவை தாமே உப்பிக் காட்டிக்கொடுக்கும்.

கதவு இடுக்குகள்தாம் பொறுமையை உண்மையாகச் சோதிப்பவை. ஃபைபர் உடல் வளையும். ஸ்டாண்டில் வைத்துச் சரிசெய்த இடுக்கு, சேஸிஸில் ஏற்றியதும் கோணலாகிவிடும். ஆகவே உடலைச் சேஸிஸில் பூட்டி, கார் தன் சக்கரங்களில் நிற்க, கீல், பூட்டு, ரப்பர் பீடிங் அனைத்தையும் மாட்டிய பிறகே அளக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் அளவில் ஒரே சீரான இடுக்கு வந்தால் அது அருமையான வேலை. ஒருபுறம் விளிம்பைத் தேய்த்தும், மறுபுறம் பட்டியால் வளர்த்தும்தான் அதை எட்ட முடியும்.

பிறகு நீளமான தேய்ப்புக் கட்டை. 80-ஆம் எண் தாளில் தொடங்கி 180, 320 என்று நகரும் வேலை. வெறும் விரல்களால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம்தான் விழும். கனமாகப் படியும் பாலியெஸ்டர் பிரைமரை அடித்து, மேலே கறுப்புப் பொடி தூவித் தேய்த்தால், பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும். அடித்த பிரைமரில் பெரும்பங்கு தூசியாகப் போய்விடும். அதை நஷ்டமாக நினைக்கவே கூடாது. சமதளம் கிடைப்பது அப்படித்தான். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தோலையும் அரிக்கும். நல்ல முகமூடி இல்லாமல் யாரும் இதில் கைவைக்கக் கூடாது.

அச்சிலிருந்து வெளிவந்த பிறகும் ரெசின் மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் இழைகளின் தடம் மேலே தெரியும். கறுப்பு போன்ற அடர்நிறம் வெயிலில் அதிகம் சூடேறுவதால் இது இன்னும் மோசமாகும். புது உடலைச் சில வாரங்களாவது வெயிலில் நிறுத்திவையுங்கள். கடைசியாக, தேய்த்த பிரைமரை ஈரத்துணியால் துடைத்து ட்யூப் லைட் வெளிச்சத்தில் பாருங்கள். அதில் பிரதிபலிக்கும் விளக்கின் கோடு நெளிந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். தேய்ப்புக் கட்டையை மறுபடியும் எடுங்கள்.