மாடிப்படிக்குக் கீழே

காரைக்காலுக்கு 1739-இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கொல்லைக் கிணற்றடியில் குளிக்கும் எங்கள் வழக்கத்தை அவர்களால் அசைக்க முடியவில்லை. அம்மாவின் முழங்கால் வலி அசைத்துவிட்டது. பாசி படிந்த கல்லில் அவளை எப்படி நடக்கவிடுவது?

வீட்டுக்குள் மிஞ்சியிருந்தது மாடிப்படிக்கு அடியில் ஒரு முக்கோணப் பொந்து. தாழ்ந்த மூலையை அடைத்துவிடலாம் என்றார் கொத்தனார். அடைப்பானேன்? அங்கே தவலையை வைத்தோம். தவலைக்குத் தலை இடிக்காது. உயர்ந்த பக்கத்தில் அம்மா உட்கார ஒரு குட்டித் திண்ணை. சோப்புக்குப் பலகை அடித்தால் முழங்கையைப் பதம் பார்க்கும். கனத்த பழஞ்சுவரில் மாடம் குடைந்தாயிற்று. கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே யாராவது விழுந்தாலும் திறக்க வேண்டுமே! கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் கீல்கள் பித்தளை.

முதல் நாள் குளித்துவிட்டு வந்த அம்மா ஒரே ஒரு குறை சொன்னாள்: ஆகாசம் தெரியவில்லையாம். மறுநாள் கொத்தனார் வந்து, கொல்லைச் சுவரின் உச்சியில் இரண்டு செங்கல்லை எடுத்துவிட்டுப் போனார்.