காற்று போகும் வழி

"இன்னும் மூணு ஃபேன் வாங்கிப் போட்டா சரியாயிடும் தாத்தா" என்றான் பேரன். பாகம் பாகமாகப் பார்த்து வாங்கி அவனே கோத்த கம்ப்யூட்டர் அது. கல்லூரி வேலைக்காகக் கனமான வீடியோ எதையாவது ஓட்டினால் பத்தே நிமிடத்தில் பிராசஸர் 96 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. அதற்கு மேல் போனால் தனக்கே ஆபத்து என்று அதுவாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. திருச்சியில் மே மாதம். அறைக்குள்ளேயே 36 டிகிரி.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தவன். கம்ப்யூட்டர் பழக்கமில்லை, இரும்பும் சூடும் பழக்கம். "வாங்கறதை அப்புறம் பார்க்கலாம். இருக்கிற காத்து எங்கே போகுதுன்னு முதல்ல பாரு" என்று சொல்லி, பூஜை அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்து வந்தேன்.

கேபினெட்டின் முன்னால் பிடித்ததும் புகை சட்டென்று வளைந்து உள்ளே போனது. அங்கே இருக்கும் இரண்டு ஃபேனும் ஒழுங்காக இழுக்கின்றன. பின்னால் கொண்டுபோனேன். அங்கே புகை வெளியே தள்ளப்பட வேண்டும். அதுவும் உள்ளேதான் போனது! பையன் முகம் மாறிவிட்டது. ஃபேனின் சட்டத்தில் குறுக்குக் கம்பிகள் இருக்கிற பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம். அந்தப் பக்கம் பார்க்க நன்றாக இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் நல்ல முகம் தெரியட்டும் என்று திருப்பி மாட்டியிருக்கிறான். முன்னாலும் பின்னாலும் காற்று வருகிறது, போவதற்குத்தான் வழியில்லை. நான்கு திருகாணியைக் கழற்றித் திருப்பிப் போட்டோம்.

முன்பக்க வடிகட்டியில் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது, கழுவிக் காயவைத்தான். கேபினெட்டின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே மூன்று விரல்கூட நுழையாது. அதையும் மேசைக்குள் இருந்த அறையிலிருந்து வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்தோம்.

அடுத்து, பிராசஸரின் மேல் உட்கார்ந்திருக்கும் கூலர். பிராசஸர் தபால்தலை அளவுதான், ஆனால் மும்முரமாக ஓடும்போது 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டைக் கக்குகிறது. அந்தச் சூடு செம்புக் குழாய் வழியாக அலுமினியத் தகடுகளுக்கு ஏற வேண்டும். குழாய்க்குள் துளி நீர் இருக்கிறது. அடியில் ஆவியாகி, மேலே போய்க் குளிர்ந்து, மறுபடி இறங்குகிறது. ஆனால் குழாய்க்குச் சூடு போய்ச் சேர்வதற்கு முன்னால் ஒரு தடை உண்டு. அது எனக்கு நன்றாகத் தெரிந்த தடை.

பணிமனையில் இரண்டு முகங்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஒன்றில் ப்ரஷ்யன் ப்ளூவை மெலிதாகத் தடவி மற்றதன்மேல் வைத்துத் தேய்த்து எடுப்போம். கண்ணாடிபோலத் தெரிகிற தகட்டில்கூட அங்கங்கே சில புள்ளிகளில்தான் நீலம் ஒட்டியிருக்கும். மீதி இடமெல்லாம் இடைவெளி, இடைவெளியெல்லாம் காற்று. செம்பு காற்றைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் தெர்மல் பேஸ்ட். அவன் போட்டிருந்த பேஸ்ட் காய்ந்து, ஓரத்தில் திட்டும் நடுவில் வெறுமையுமாக இருந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தான். கூலரை இறக்கியதும் ஒரே திருகாணியை முடுக்கப் போனான். கையைப் பிடித்தேன். "எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா. ஒரு பக்கம் முடுக்கினா மறுபக்கம் எழும்பும்."

அந்த நேரத்தில் என் மனைவியின் நினைவு வந்தது. 1989இல் வீட்டைக் கொஞ்சம் பெரிதாக்கியபோது, சமையலறையின் கொல்லைப்பக்க ஜன்னலை அடைத்து ஷெல்ஃப் கட்டினேன். சூடு தாங்கவில்லை என்றாள். டேபிள் ஃபேன் வாங்கிக் கொடுத்தேன். அடுப்பு அலைகிறது என்று பாதி நேரம் அதைப் போடமாட்டாள். போட்டாலும் அதே சூட்டை அறைக்குள்ளேயே சுற்றி அடிக்கும். "காத்து போகணுங்க, சுத்தக் கூடாது" என்று ஒருநாள் சொன்னாள். எனக்குக் காதில் ஏறவில்லை. கேட்டதற்குத்தான் வாங்கிக் கொடுத்தாயிற்றே என்ற நினைப்பு. ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் அதற்குமேல் காதுகொடுக்க வேண்டியதில்லை என்று எப்படியோ மனசு எடுத்துக்கொள்கிறது. ஆறு கோடைகள் அவள் அந்த அறையில் வெந்தாள். அதற்குப் பிறகுதான் ஷெல்ஃபை இடித்து ஜன்னலைத் திறந்தேன். வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. அந்த ஒரு நாளை நான் ஆறு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

பேரனிடம் இதைச் சொன்னேன். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுபடி அதே வீடியோவை ஓட்டினான். அறையில் அதே 36 டிகிரிதான். பிராசஸர் 83இல் நின்றுவிட்டது. ஃபேன் சத்தமும் தணிந்திருந்தது. இதற்கும் கீழே வேண்டுமென்றால் அறை குளிர வேண்டும். எத்தனை ஃபேன் சுழன்றாலும் அறையின் காற்றைவிடக் குளுமையாக எதையும் ஆக்க முடியாது. அதனால் பெரிய வேலைகளை இரவு பத்து மணிக்கு மேல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிறான்.

நேற்றிரவு அந்தப் பக்கம் போனபோது கேபினெட்டின் பின்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். என் கையையும் இழுத்துப் பக்கத்தில் வைத்தான். வெதுவெதுவென்று காற்று வந்துகொண்டிருந்தது.

"வெளியே போகுது தாத்தா" என்றான்.