பாய்மரப் படகுக்கு இன்ஜின் எதற்கு?

பாய்மரப் படகு என்றால் காற்றில் போகும். பெட்ரோல் செலவு இல்லை, சத்தம் இல்லை, புகை இல்லை... படத்தில் பார்க்கிற எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் செசபீக் விரிகுடாவில், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதி நாள் பாய் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். காற்றே இருக்காது. வந்தால் சாயங்காலம் இடி மின்னலோடு மொத்தமாக வரும். அதற்குள் ஏதாவது ஓர் ஓடைக்குள் போய் நங்கூரம் போட்டுவிட வேண்டும். எப்படிப் போவது? இன்ஜினில்தான்.

இது அப்படிப் போன ஒரு குடும்பத்தின் கதை. அப்பா, அம்மா, 12 வயதுப் பெண், 8 வயதுப் பையன். படகு 30 அடி நீளம், 1970-களில் கட்டியது. அதாவது படகுக்கு வயது கிட்டத்தட்ட அம்மாவின் வயது! (அம்மாவுக்கு இந்த ஒப்பீடு பிடிக்காது.)

இவ்வளவு பழைய படகு எப்படி இன்னும் மிதக்கிறது என்று கேட்கலாம். காரணம் ஃபைபர்கிளாஸ். 1959-இல் பியர்சன் கம்பெனி 'டிரைட்டன்' என்ற 28 அடிப் படகை நியூயார்க் படகுக் கண்காட்சியில் கொண்டுவந்து வைத்தது. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலை, உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் உண்டு. அதற்குப் பிறகு ஃபைபர்கிளாஸ் படகுகள் வரிசையாக வந்தன. மரம் போல இது உளுத்துப் போகாது. எத்தனை வருடம் உழைக்கும் என்று அன்று செய்தவர்களுக்கே தெரியாது, அதனால் தடிமனாகவே செய்தார்கள். விளைவு, உடம்பு அப்படியே இருக்கிறது, உள்ளே இருக்கும் இன்ஜினுக்குத்தான் வயதாகிவிட்டது.

அந்தக் காலத்து அமெரிக்கப் படகுகள் பலவற்றில் இருந்த இன்ஜின் 'அட்டாமிக் 4'. பெயரைக் கேட்டு அணுசக்தி என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 30 குதிரைத்திறன். யுனிவர்சல் என்ற கம்பெனி 1947-இல் தொடங்கி 1980-களின் நடுப்பகுதி வரை சுமார் 40,000 இன்ஜின்கள் செய்தது. பிளக், பாயிண்ட், கண்டென்சர், கார்ப்பரேட்டர்... பழைய ஸ்கூட்டரைச் சாய்த்து உதைத்து ஸ்டார்ட் செய்த தலைமுறைக்கு இதெல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி.

ஆனால் ஸ்கூட்டரில் இல்லாத இரண்டு விஷயம் இதில் உண்டு.

முதலாவது பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனம். சாலையில் கசிந்தால் பறந்துவிடும். படகில் கசிந்தால் கீழே இறங்கி, மூடிய அடித்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது சாவியைத் திருப்பினால் ஒரு பொறி போதும். அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் புளோயரை நான்கு நிமிடம் ஓட்டி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும், பிறகு மூக்கை வைத்து மோந்து பார்க்க வேண்டும். மூக்கை நம்புவது சிரிப்பாக இருக்கும், ஆனால் இதற்கு மூக்கைவிட மலிவான கருவி கிடையாது.

இரண்டாவது தண்ணீர். இந்தப் படகில் ரேடியேட்டர் கிடையாது. கடல் தண்ணீரையே ஒரு வால்வு வழியாக உள்ளே இழுத்து, இன்ஜினைச் சுற்றிவிட்டு, புகைக்குழாயில் கலந்து பின்பக்கம் துப்பிவிடும். இழுக்கும் வேலையைச் செய்வது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பம்ப். அதற்குள்ளே ஆறு இறக்கை உள்ள ஒரு ரப்பர் சக்கரம், இம்பெல்லர். ரப்பர் என்பதால் நாளாக ஆக விறைக்கும், வெடிக்கும், இறக்கை ஒடியும். கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மோட்டார் உறுமும், தண்ணீர் வராது. கிணற்றடியில் அப்படி ஆனால் சுவிட்சை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இந்த இம்பெல்லரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அந்த வருடம் அப்பா மாற்றவில்லை. பம்ப் இருக்கும் இடம் அப்படி. படிக்கட்டைக் கழற்றி, பக்கவாட்டில் படுத்து, கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூக்களை விரலால் தடவிக் கழற்ற வேண்டும். ஒன்று கை நழுவினாலும் எண்ணெய்த் தண்ணீருக்குள் போய்விடும். வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த சீசன் தாங்கும்" என்று எழுந்துவிட்டார். புது இம்பெல்லர் பெட்டியோடு அலமாரியில் இருந்தது. அம்மா கேட்டபோது "இன்ஜின் ரெடி" என்றார். பொய் என்று சொல்ல முடியாது... உண்மை என்றும் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் கிளம்பினார்கள். விரிகுடாவைக் கடந்து, நாப்ஸ் நேரோஸ் என்ற கால்வாய் வழியாக சாப்டாங்க் ஆற்றுக்குள் போவது திட்டம். இந்தக் கால்வாய் டில்மன் தீவை நிலத்திலிருந்து பிரிக்கிறது. நடுவில் தூக்குப் பாலம். படகு வந்தால் தூக்குவார்கள், பிறகு இறக்கிவிடுவார்கள். அகலம் குறைவு, இரண்டு பக்கமும் மணல் திட்டு, நீரோட்டம் வேகம்.

இந்த டில்மன் தீவைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஸ்கிப்ஜாக் என்ற மரப் பாய்மரப் படகுகளில் சிப்பி எடுப்பார்கள். சிப்பி வளம் அழிந்துவிடக் கூடாது என்று, கடலடியை வாரிச் சிப்பி எடுப்பதைப் பாய்மரத்தில்தான் செய்ய வேண்டும் என 1865-இலேயே மேரிலாந்து மாநிலம் சட்டம் போட்டது. அதனால் ஸ்கிப்ஜாக்கில் உள்ளே இன்ஜின் இருக்காது. பின்னால் ஒரு குட்டிப் படகைத் தொங்கவிட்டு, அதில் இன்ஜின் வைத்து, காற்றில்லாத நாளில் அதை இறக்கிப் பெரிய படகைத் தள்ளுவார்கள். 1967-இல்தான் வாரத்தில் இரண்டு நாள் அப்படித் தள்ளிக்கொண்டே சிப்பி எடுக்க அனுமதித்தார்கள். ஆக, பாய்மரத்திலேயே பிழைப்பு நடத்தியவர்களுக்கும் ஓர் இன்ஜின் தேவைப்பட்டது!

அன்று காலையிலிருந்தே காற்று இல்லை. நான்கு மணி நேரமாக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விரிகுடா முழுக்க ஜெல்லி மீன்கள். கோடையில் அங்கே அப்படித்தான், குழந்தைகள் தண்ணீரில் இறங்கவே முடியாது. பையனுக்குக் கொடுத்திருந்த வேலை பின்னால் எட்டிப் பார்த்து, புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று சொல்வது. எட்டு வயதுப் பையனைச் சும்மா உட்கார வைக்க யாரோ கண்டுபிடித்த வேலை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

கால்வாய்க்குள் நுழைந்து, அடுத்த படகு வருவதற்காகப் பாலம் காத்திருக்கிறது என்று தெரிந்து, வேகத்தைக் குறைத்தபோது பையன் சொன்னான். "அப்பா, தண்ணி வரல."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். புகைதான் வருது."

அப்பாவின் கண் பாலத்தின் மேல். அரை நிமிடம் போயிருக்கும். வழக்கமாக 150 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கும் முள் 200-ஐத் தாண்டியிருந்தது. ரப்பர் தீய்கிற வாசனை. பெட்ரோல் இன்ஜின் இருக்கிற படகில் இந்த வாசனை வந்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள். அப்பா இன்ஜினை அணைத்தார்.

அணைத்ததும் எவ்வளவு அமைதி! அந்த அமைதியில் படகு தானாகப் போய்க்கொண்டிருந்தது, நீரோட்டத்தோடு, மூடியிருந்த பாலத்தை நோக்கி. பாய்மரத்தின் உயரம் 40 அடிக்கு மேல். பாலத்தின் அடியில் அதில் கால்பங்கு இடம்தான்.

நங்கூரம் போடச் சொல்லி அப்பா கத்தும் முன்பே அம்மா முன்பக்கம் போய்விட்டிருந்தார். குறுகிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் நங்கூரத்தின் கட்டை அவிழ்த்துத் தயாராக வைப்பது அவர் பழக்கம். அதற்காகக் கேலி செய்யப்பட்டதும் உண்டு. போட்டார். மூன்று மீட்டர் ஆழத்துக்கு முறையாக 20 மீட்டர் கயிறாவது விட வேண்டும், ஆனால் விட இடம் இல்லை. 12 மீட்டர் விட்டுக் கட்டினார். கயிறு விறைத்தது, படகு ஒருமுறை இழுத்து, மணலைக் கொஞ்சம் உழுது... நின்றது. பாலத்துக்கும் படகுக்கும் இடையே இன்னும் மூன்று படகு நிறுத்தலாம். அவ்வளவுதான் இடம்.

பின்னால் வந்த மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் நிலைமையைப் பார்த்து, விலகிப் போய், பாலத்துக்கு ரேடியோவில் சொல்லிவிட்டார். அவர் பெயர்கூட இவர்களுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் முக்கால் மணி நேர வேலை. பெண் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, ஸ்டார்ட் சாவியைப் பிடுங்கி அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டினாள். வால்வைத் திறக்க மறந்து யாரும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது என்பதற்குப் படகுக்காரர்கள் கண்டுபிடித்த வழி இது. அப்பா படுத்து மூடியைக் கழற்றினார். கொதிக்கும் இரும்பில் முழங்கை பட்டு வெந்தது. வெளியே வந்த இம்பெல்லரில் இறக்கை மூன்றுதான் இருந்தது.

"மிச்சம் மூணு எங்க?" என்று கேட்டது பெண். நல்ல கேள்வி. ஒடிந்த துண்டுகள் கரைந்து போகாது, தண்ணீர் போகும் வழியில் எங்காவது போய் அடைத்துக்கொள்ளும். பம்புக்குள்ளேயே இரண்டு கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவில்லை.

புதுசைப் போட்டு, மூடி, புளோயரை ஓட்டினார்கள். நான்கு நிமிடம். அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் பேசவில்லை. அந்த நான்கு நிமிடத்தில்தான் அம்மா கேட்டார், "புதுசு எப்ப வாங்கினது?"

"மார்ச்ல."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்ஜின் ஓடியது, தண்ணீர் வந்தது, பாலம் தூக்கியது, போனார்கள். முள் மட்டும் பழைய இடத்துக்கு வரவில்லை, 170-க்குப் பக்கத்தில் நின்றது. மூன்றாவது துண்டு உள்ளே எங்கேயோ இருக்கிறது! மிச்ச நாட்கள் மெதுவாகவே ஓட்டி வீடு திரும்பினார்கள். திரும்பிய அன்று இரவு அம்மா சொன்னார், இனிமேல் குழந்தைகளை இந்தப் படகில் ஏற்ற மாட்டேன் என்று.

அப்பாவின் முதல் யோசனை டீசல் இன்ஜின். நியாயமான யோசனைதான், டீசல் ஆவி பெட்ரோல் ஆவி போல லேசில் பற்றிக்கொள்ளாது. ஆனால் புது இன்ஜின் வாங்கிப் பொருத்தும் செலவு, அந்தப் படகை விற்றால் வரும் பணத்தைவிட அதிகம். பழைய படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் வந்து நிற்கும் கணக்கு இது. அம்மா கேட்டது வேறு. டீசலிலும் இதே ரப்பர் இம்பெல்லர்தானே இருக்கிறது, அதை மட்டும் மாற்றிவிடுவாயா?

பதில் இல்லை. உண்மையில் இன்ஜின் எதுவும் தப்பு செய்யவில்லை. ஐம்பது வயதில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'ரெடி' என்று சொன்னவர்தான் தப்பு செய்தார்.

நவம்பரில் படகைக் கரையேற்றினார்கள். உள்ளே தண்ணீர் நின்று உறைந்தால் இரும்பு பிளாக்கே வெடித்துவிடும், அதனால் குளிர்காலத்துக்கு முன் உறையாத ரசாயனத்தை உள்ளே ஓட வைக்க வேண்டும். அந்த வேலைக்கு அம்மாவும் போனார். படிக்கட்டைக் கழற்றிவிட்டு அவரே படுத்தார். அவர் கை சின்னது, அப்பாவுக்கு எட்டாத இடமெல்லாம் எட்டியது. ஒவ்வொரு ரப்பர் குழாயாகக் கழற்றி, விரலைவிட்டுத் தடவி, மறுபடி மாட்டினார். மதியம் மூன்று மணிக்கு, பம்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வழியில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு பித்தளை இணைப்பில் அது இருந்தது. கறுப்பாக, நகம் அளவு. அதை அப்பாவின் கையில் வைத்துவிட்டு அடுத்த குழாயைக் கழற்றப் போய்விட்டார்.

குளிர்காலத்தில் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். எண்ணெய் மாற்றிய தேதி, பிளக், பெட்ரோல் வடிகட்டி. அங்கே பம்பில் வரும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும், அது ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தண்ணீராகப் பிரிந்துவிடும், அதனால் வடிகட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும். அம்மாவின் ஒரே நிபந்தனை, செய்யாத வேலைக்கு எதிரே 'செய்யவில்லை' என்று எழுத வேண்டும். வெறும் கட்டம் இருக்கக் கூடாது. வசந்தத்தில் புத்தகத்தை வாங்கி வரிசையாகப் படித்தார். நான்கு இடத்தில் 'செய்யவில்லை' இருந்தது, அப்பாவின் கையெழுத்தில். அதில் இரண்டைச் செய்து முடிக்கும் வரை படகு தண்ணீரில் இறங்கவில்லை. மற்ற இரண்டும் சமையலறைக் குழாயும் ஜன்னல் கசிவும், அவை பரவாயில்லை என்று விட்டார்.

ஜூனில் நான்கு பேரும் மறுபடி நாப்ஸ் நேரோஸ் போனார்கள். அம்மா முன்பக்கம், நங்கூரத்தின் மேல் ஒரு கை. பாலம் தூக்க மூன்று நிமிடம் ஆனது. படகு அடியில் நுழைந்து, மறுபக்கம் ஆற்றின் அகலம் தெரிகிற வரை யாரும் வாயைத் திறக்கவில்லை, பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த பையனைத் தவிர.

"வருது... வருது... இன்னும் வருது..."