ஐந்து நாள் அப்பா

நண்பர் ஒருவரின் தாயாருக்கு அண்மையில் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே தொலைபேசியில் அவர் கேட்டார்: "முடி கொட்டும், வாந்தி வரும்னு எல்லாரும் சொன்னாங்க. அம்மா ராத்திரியெல்லாம் தூங்காம சண்டை போடுவாங்கன்னு யாருமே சொல்லலையே?" எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்குமா என்பது ஐயமே. அதனால்தான் அக்காள் தங்கை இருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

எங்கள் தந்தை அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். அவருக்கும் வந்தது நிணநீர்ப் புற்றுதான். 21 நாட்களுக்கு ஒரு சுற்றாக 6 சுற்றுகள் சிகிச்சை. மருந்துகள் ஐந்து. அவற்றுள் நான்கு, முதல் நாளிலேயே டிரிப்ஸ் வழியாக இறங்கிவிடும். ஐந்தாவது, பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம், 5 நாட்கள். செந்நிறத்தில் இறங்கும் டாக்சோரூபிசினைக் கண்டு நடுங்கிய நாங்கள், மாத்திரை அட்டையைப் பொருட்படுத்தவே இல்லை.

முதல் சுற்றின் இரண்டாம் இரவு. மணி இரண்டு இருக்கும். கூடத்தில் ஓசை கேட்டு எழுந்து வந்தோம். அப்பா புத்தக அலமாரியைக் காலிசெய்து, நூல்களையெல்லாம் தரையில் பரப்பி, வாங்கிய ஆண்டு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு இட்லி கேட்டார். நோயாளிக்குப் பசிக்கிறதே என்று மகிழ்ந்து அடுப்பை மூட்டினோம்.

நான்காம் நாள் சாம்பாரில் உப்பு குறைந்தது. தட்டைத் தள்ளிவிட்டு அம்மாவிடம் இரைந்தார். "உனக்காகத்தான் பிரமோஷனை விட்டுட்டு இந்த ஊர்லயே கெடந்தேன். ஒருநாளாவது கேட்டியா?" அம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாத்திரை முடிந்த மறுநாள் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். அழுது நாங்கள் பார்த்ததில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் சென்றபோதுதான் எங்கள் பிழை தெரிந்தது. வயிற்றுக்குப் பாரமாகிவிடும் என்று நாங்களாகவே மாத்திரைகளை, காலையில் மூன்று, இரவில் இரண்டு என்று பிரித்துக் கொடுத்திருந்தோம். உடலிலேயே சுரக்கும் கார்டிசால் காலையில் மிகுந்து இரவில் குறைவது. ஸ்டீராய்டு அதன் உறவுக்காரன். இரவில் கொடுத்தால் உடல் விழித்தே இருக்கும் என்றார் அவர். ஐந்தையும் காலை உணவுக்குப் பின் கொடுக்கத் தொடங்கியதும் நான்கு மணி நேரமாவது உறங்கினார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டோம். உறக்கம், உணவு, சர்க்கரை, மனநிலை ஆகியவற்றை நாள்தோறும் எழுதினோம். சர்க்கரை நோய் இல்லாதவர்தான். வெறும் வயிற்றில் பார்த்தால் 104. மாலையில் பார்த்தபோது 270! காலையில் மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. அந்த நாட்களுக்கு மட்டும் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். நாக்கில் வெண்படலம் படிந்தது. அதற்கும் மருந்து உண்டு. நான்காம் சுற்றில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. தொடைத் தசைகளை ஸ்டீராய்டு தளர்த்துமாம். காய்ச்சலைக்கூட அது மறைக்கக்கூடும் என்பதால், உடம்பு சுடாவிட்டாலும் சோர்வு மிகுந்தால் உடனே அழைக்கச் சொன்னார்கள்.

"பக்க மருந்துதானே, நிறுத்திடலாமே" என்று அப்பா ஒருமுறை கேட்டார். இந்த வகைப் புற்றில் ஸ்டீராய்டு வெறும் துணை மருந்தன்று. நோயணுக்களைக் கொல்வதில் அதற்கும் பங்குண்டு. நாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்று மருத்துவர் விளக்கினார்.

இவையெல்லாம் நோட்டில் அடங்கியவை. அடங்காதது ஒன்று இருந்தது. அப்பா இரையும்போதெல்லாம் "மருந்து பேசுது, விடு" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். எங்களுக்கு அது பெரிய ஆறுதல். மூன்றாம் சுற்றில் ஒருநாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. "அப்ப, நான் பேசுறது எதுவுமே என்னோடது இல்லையா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. எங்களால் பதில் சொல்ல இயலவில்லை. நோய் அவருடைய முடியையும் வலுவையும் கொண்டுபோயிருந்தது; சொல்லை நாங்கள் பறித்துக்கொண்டிருந்தோம்.

அம்மாதான் வழி கண்டாள். அச்சுற்றின் 15ஆம் நாள், மாத்திரையின் வேகம் முழுதும் தணிந்திருந்த ஒரு மாலையில், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "ஏங்க, அன்னிக்குப் பிரமோஷனைப் பத்திச் சொன்னீங்களே, அது மாத்திரை சொன்னதா, நீங்க சொன்னதா?"

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வருத்தம் எனக்கு இருந்தது வாஸ்தவம். ஆனா அப்படிக் கத்திச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

"கத்தாமலே அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள் அம்மா. இருவரும் இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அடுக்களையிலேயே இருந்துவிட்டோம்.

அதன்பின் அந்த ஐந்து நாட்களில் நாங்கள் வாதிடவில்லை. மருந்தின் பேச்சென்று தள்ளவுமில்லை. கேட்டுக்கொண்டோம். கேட்க வேண்டியவற்றை 15ஆம் நாளுக்கு வைத்துக்கொண்டோம். நண்பரிடமும் இதைத்தான் சொன்னோம். மருந்தின் அளவும் அதன் விளைவும் ஆளுக்கு ஆள் மாறும்; அவற்றை மருத்துவரிடம் கேளுங்கள். நோட்டு ஒன்று போடுங்கள்.

ஆறு சுற்றுகளும் முடிந்தன. அப்பா நலமாக இருக்கிறார். பழையபடி குறைவாகவே பேசுகிறார். அலமாரி மட்டும் இன்றும் வாங்கிய ஆண்டு வரிசையிலேயே இருக்கிறது. தேடும் நூல் எங்களுக்கு எளிதில் அகப்படுவதில்லை. அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.