பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஓர் ஆங்கில வகுப்பு

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் வருபவர்களுக்கு வாசிப்பதற்குப் பஞ்சமில்லை. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ-9 வீதி நெடுகிலும் பெயர்ப்பலகைகள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் எழுதியிருப்பார்கள். சிலவற்றில் எமது மொழி எழுத்துப் பிழையோடு நிற்கும். முறிகண்டியில் பஸ் நின்றதும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் சரையை வாங்கிக்கொண்டு திரும்ப ஏறுகிறோம். சற்றுத் தூரத்தில் அறிவியல் நகர் வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இங்கேதான் உள்ளன. உயர்தரம் வரை தமிழில் படித்துச் சித்தியடைந்த பிள்ளை இந்த வாசலுக்குள் நுழைந்தால் விரிவுரை ஆங்கிலத்தில், நூல் ஆங்கிலத்தில், பரீட்சையும் ஆங்கிலத்தில்.

கிளிநொச்சி நகரையும் கரடிப்போக்கையும் கடந்து பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு வீதி. இந்த வீதியை எமது வாசகிகளில் பலருக்கு நான் வர்ணிக்கத் தேவையில்லை. முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்ற இந்த ஒழுங்கு 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் கால்களால் படித்த பாடம். இன்று அது நல்ல வீதி. இரணைமடுத் தண்ணீர் பாயும் காலத்தில் முரசுமோட்டை வயல்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சையாக இருக்கும். பாடசாலை விட்ட நேரத்தில் வெள்ளைச் சீருடையோடு சைக்கிளில் வரும் பிள்ளைகள் வீதியின் இரு கரையையும் நிரப்பிவிடுவார்கள்.

விசுவமடுவுக்கு அப்பால், வீதியை விட்டு உள்ளே போகும் ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. சீற் போட்ட ஒரு மண்டபமும் பக்கத்தில் ஒரு கிணறும்தான். சுயதொழில் செய்யும் பெண்களைச் சந்திக்க நான் அங்கே சனிக்கிழமைகளில் போவதுண்டு. மண்டபத்தின் ஒரு மூலையில் எங்களுடைய கூட்டம் நடக்க, மறு மூலையில் க.பொ.த. சாதாரண தரம் எழுதப் போகும் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். அதே கிராமத்தைச் சேர்ந்த, ஆங்கிலத்தில் டிப்ளோமா முடித்து நியமனத்துக்குக் காத்திருக்கும் தங்கச்சி ஒருவர் காசு வாங்காமல் படிப்பிக்கிறார். வருபவர்களில் பெண்பிள்ளைகளே அதிகம். நகரத்து ரியூசனுக்குப் போனால் இருட்டுவதற்குள் வீடு திரும்ப பஸ் இல்லை என்பதே காரணம்.

சாதாரண தரத்தில் ஆங்கிலம் கட்டாய பாடம். ஆனால் உயர்தரத்துக்குப் போக அதில் சித்தியடைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி இருந்தால் போதும். ஆகவே பல பிள்ளைகள் ஆங்கிலத்தை முதலிலேயே கைவிட்டு விடுகிறார்கள். சாதாரண சித்திக்கு வேண்டியது 35 புள்ளிகள். அந்த முப்பத்தைந்தைக்கூட எட்ட முடியாது என்று பிள்ளையும் நினைக்கிறது, சில வேளை பாடசாலையும் நினைக்கிறது. அறிவியல் நகரின் வாசல் அப்போது எவருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. 1990 முதல் போர் முடியும் வரை வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சார இணைப்பு இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைதான் இன்றைய தாய்மார். பாடசாலைகள் மரத்தின் கீழும் தறப்பாள் கொட்டகையிலும் நடந்தன. செட்டிகுளம் முகாம்களில் இருந்தபடியே எமது பிள்ளைகள் 2009 இல் பொதுப் பரீட்சை எழுதினார்கள். அந்த ஆண்டுகளில் கணிதத்துக்கும் தமிழுக்கும் எப்படியோ ஓர் ஆசிரியர் கிடைத்தார். ஆங்கிலத்துக்குக் கிடைப்பது அரிது. கிராமப் பாடசாலைகளில் அந்தப் பற்றாக்குறை இன்னும் முற்றாகத் தீரவில்லை.

வினாத்தாளில் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துவது கிரகித்தல் பகுதி. ஒரு பத்தியைத் தந்து, கீழே வினாக்களைத் தந்திருப்பார்கள். விடை பத்திக்குள்ளேதான் இருக்கிறது. மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. அப்படியானால் ஏன் பயம்? அந்த ரீச்சர் ஒரு நாள் இதைத் தமிழிலேயே விளக்கினார். கரும்பலகையில் இப்படி எழுதினார்:

"நேற்று ஒரு தொமிளி கிறுவத்தில் சுவண்டது."

பிறகு கேட்டார். நேற்றுச் சுவண்டது எது? தொமிளி என்று எல்லாப் பிள்ளைகளும் சொன்னார்கள். எங்கே சுவண்டது? கிறுவத்தில். எப்போது? நேற்று. மூன்றும் சரி, முழுப் புள்ளி. "சரி, இப்ப தொமிளிக்கு என்ன நடந்தது எண்டு ஆராவது சொல்லுங்கோ பாப்பம்" என்றார். மண்டபத்தில் சத்தமே இல்லை. எங்கள் பக்கத்தில் மா இடித்து விற்கும் அம்மா ஒருவர்தான், "செத்துப் போச்சுதோ பிள்ளை?" என்று கவலையோடு கேட்டார்.

எமது பிள்ளைகள் ஆங்கிலப் பத்தியை வாசிக்கும் முறை இதுதான். வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடிக்கிறார்கள். அந்தச் சொல் இருக்கும் வசனத்தை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். எங்கே, எப்போது, யார் என்ற வினாக்களுக்கு இது சரிவரும். ஏன் என்று கேட்டாலோ, 'இட்' என்ற சொல் இந்த வரியில் எதைக் குறிக்கிறது என்று கேட்டாலோ, பொருத்தமான தலைப்பு எது என்று கேட்டாலோ அகப்பட்டுக் கொள்வார்கள். சொல்லைக் கண்டுபிடிப்பது வேறு, கிரகிப்பது வேறு. பாடசாலையில் நேரம் இல்லாத ஆசிரியர் விடையைக் கரும்பலகையில் எழுதிவிட, பிள்ளை கொப்பியில் இறக்கிவிடும். கொப்பி நிறைந்திருக்கும், அதைப் பார்க்கும் தாய்க்கும் திருப்தியாக இருக்கும்.

இரு மொழிகளின் வசன அமைப்பும் எமது பிள்ளைகளைத் தடுக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். 'இல்லை' என்பதும் கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் 'நொட்' என்ற அந்தச் சின்னச் சொல் வசனத்தின் நடுவில் ஒளிந்து நிற்கும். அவசரமாக வாசிக்கும் பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும். அதைவிடப் பொல்லாதது 'அன்லெஸ்'. இருவர் பிணை நின்றாலொழிய கடன் தரப்படமாட்டாது என்ற வசனத்தில், அந்த 'ஒழிய' என்ற பொருள் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நுண்கடன் எடுத்துப் பட்ட பாட்டை அறிந்த பெண்களுக்கு அந்தச் சொல்லின் பாரத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னால் 'ஒன் ஓ பிஃபோர்' என்று இருந்தால், அந்தத் திகதியிலோ அதற்கு முன்னரோ என்று பொருள். அடுத்த நாள் கொண்டுபோனால் எடுக்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இல் வந்த பதினாறாவது திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். அரச அலுவலகம் ஒன்று உங்களுக்கு அனுப்பும் கடிதம் தமிழில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழில் தாருங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம். ஆனால் கிளினிக் கொப்பியும், எக்ஸ்ரே அறிக்கையும், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளும், வெளிநாட்டு வேலை ஒப்பந்தமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றை வீட்டில் வாசிக்க வேண்டியவள் தரம் பத்தில் படிக்கும் மகள்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒன்று தாயின் எக்ஸ்ரே அறிக்கையைக் கொண்டுவந்தாள். இரவிரவாக அகராதி பார்த்து மொழிபெயர்த்திருந்தாள். "ரீச்சர், அம்மான்ர இடது தோளுக்குள்ள வெளிநாட்டு உடல் இருக்காம்" என்றாள். அறிக்கையில் இருந்தது 'ஃபொறின் பொடி'. அகராதியில் 'ஃபொறின்' என்றால் வெளிநாடு, 'பொடி' என்றால் உடல். இரண்டும் சரி. தாய் எங்கள் பக்கத்தில் இருந்து, "ஓம், வெளிநாட்டில செய்த செல்தானே பிள்ளை. பிழையில்லை" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் ரீச்சர் அந்த அறிக்கையையே அன்றைய பாடமாக்கினார். அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது? 'மெற்றலிக்'. மெற்றல் என்றால் உலோகம் என்று விஞ்ஞானத்தில் ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் என்ன இருக்கிறது? இடது தோள். அப்படியானால் தோளுக்குள் இருக்கும் உலோகமான, உடலுக்குச் சொந்தமில்லாத பொருள் என்னவாக இருக்கும்? அகராதி இரவு முழுவதும் சொல்லாததை அக்கம்பக்கத்துச் சொற்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டன. எமது பிள்ளைகள் இலக்கணத்தில் 'மைன்' என்றால் என்னுடையது என்று படித்தவர்கள். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையில் அதே 'மைன்' மிதிவெடியாக நின்றது. அந்தப் பலகையை எவரும் பிழையாக வாசிக்கவில்லை. இடம் அதன் பொருளைச் சொல்லிவிட்டது.

இது வேடிக்கையான விடயம் மட்டுமல்ல. எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்பது மிக வலிமையான காந்தத்தால் வேலை செய்யும் இயந்திரம். உடலில் இரும்புத் துண்டு இருப்பவரை அதற்குள் விட்டால் அந்தத் துண்டு அசையவோ சூடாகவோ கூடும். கண்ணிலோ மூளையிலோ முள்ளந்தண்டின் அருகிலோ இருந்தால் ஆபத்து அதிகம். அதனால்தான் உடலில் உலோகம் ஏதும் உண்டா என்று முன்கூட்டியே கேட்பார்கள். பல இடங்களில் அதற்கு ஒரு படிவமும் உண்டு. பத்துப் பதினைந்து வருடமாகச் செல் துண்டோடு வாழும் எமது பெண்களில் பலர் அதை ஒரு வருத்தமாகவே கணக்கில் எடுப்பதில்லை. கேட்டால் "ஒண்டுமில்லை" என்பார்கள்.

கிரகித்தலோடு மல்லுக்கட்டுவது எமது பிள்ளைகள் மட்டுமல்ல. சீனாவில் உயர்தரப் பாடசாலை முடிக்கும் மாணவர்கள் ஒவ்வொரு ஜூன் மாதமும் கவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை எழுதுகிறார்கள். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 புள்ளிகள், ஆங்கிலத்துக்கு 150. அதில் நான்கு பத்திகளை வாசித்து விடை தெரிவு செய்யும் பகுதி ஒன்று உண்டு. இன்னொரு பகுதியில் ஒரு பத்தியிலிருந்து ஐந்து வசனங்களைக் கழற்றி எடுத்து, அவற்றோடு வேறு இரண்டைக் கலந்து ஏழாகத் தருவார்கள். எந்த வசனம் எந்த இடத்துக்கு உரியது என்று மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். பார்த்து எழுதும் வித்தை இங்கே பலிக்காது. முன்வசனமும் பின்வசனமும் என்ன பேசுகின்றன என்று விளங்கினால்தான் இடையில் உள்ளதைப் பொருத்தலாம். இதைக் கேள்விப்பட்ட ரீச்சர், பழைய கலண்டர் மட்டைகளை வெட்டி, பாடப்புத்தகப் பத்தியின் வசனங்களை ஒவ்வொன்றாக எழுதி, குலைத்துப் போட்டுப் பிள்ளைகளைக் கொண்டு அடுக்குவிக்கிறார். செலவில்லாத விளையாட்டு. சத்தம் மட்டும் எங்கள் கூட்டத்தைக் குழப்பும்.

ஆங்கிலம் தெரியாத தாய் என்ன செய்யலாம் என்று சங்கத்துப் பெண்கள் கேட்டார்கள். நிறையச் செய்யலாம். பிள்ளை ஒரு பத்தியை வாசித்து முடித்ததும், புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுத் தமிழில் கேளுங்கள்: இது ஆரைப் பற்றின கதை? என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? பிள்ளை தமிழில் இரண்டு வசனம் சொல்ல முடிந்தால் விளங்கியிருக்கிறது என்று பொருள். திக்கினால், திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வந்த உடனேயே அகராதியைத் தூக்க விடாதீர்கள். முதலில் ஊகித்துச் சொல்லட்டும். தமிழ்ப் பத்திரிகையில் ஒரு செய்தியை வாசித்துச் சுருக்கிச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கிலக் கிரகித்தல் வராது என்பது என் அபிப்பிராயம். ஆகவே சனசமூக நிலையத்து வாசிகசாலைக்குப் போகும் பிள்ளையை 'ஊர் சுற்றுகிறாய்' என்று பேசாதீர்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியில் டேற்றா இருக்கும் நாளில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

அன்று வகுப்பு முடியும்போது அந்தப் பிள்ளை ஒரு சின்னத் துண்டில் 'இடது தோளில் உலோகத் துண்டு உண்டு' என்று தமிழிலும், கீழே ஆங்கிலத்திலும் எழுதி, தாயின் கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் ஒட்டினாள். அதைப் பார்த்த மற்றப் பெண்களும் தங்களுக்கும் எழுதித் தரும்படி கேட்டார்கள். பிள்ளைகள் வரிசையாக இருந்து எழுதினார்கள். ஒருவருக்கு முழங்காலில், ஒருவருக்கு முதுகில், ஒருவருக்கு இரண்டு இடத்தில். ஏழாவதாக வந்த அக்காவிடம் எந்த இடம் என்று கேட்டபோது, "தெரியாது பிள்ளை, படம் எடுத்துப் பாக்கேல்லை" என்றார். எழுதிக்கொண்டிருந்தவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கிளினிக் நடக்கும் கிழமையைக் கேட்டு மேலே குறித்துக் கொடுத்தாள்.